வருசம் முழுக்க வாசிச்சதை என்ன மாதிரிக் குறிச்சு வைக்கிறியள்?

வெள்ளவத்தை_வாசகி · ஜனவரி 2, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசர்க் கேள்வி, திட்டாதேங்கோ. போன வருசம்தான் முதல் தரமா வாசிச்ச புத்தகம் எல்லாத்தையும் ஃபோன் நோட்ஸ்ல போட்டுக்கொண்டு வந்தனான், பெயர், முடிச்ச திகதி, அஞ்சுக்கு எத்தினை ஸ்டார், அவ்வளவுதான். 50 எண்டு இலக்கு வைச்சு 52ல முடிச்சன், டிசம்பர் 31 இரவு வெடிச்சத்தத்துக்கு நடுவில கடைசிப் பக்கத்தைப் புரட்டினனான் எண்டு பெருமை வேற.

நேற்றுப் பின்னேரம் வேலையால வந்து தேத்தண்ணியோட இருந்து லிஸ்ட்டை மேல இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன், ஏழு புத்தகம் என்னெண்டே தெரியேல்லை. கதை மறந்துபோச்சு எண்டு சொல்லேல்லை, அதை நான் கையில வைச்சிருந்தனான் எண்டதே ஞாபகத்தில இல்லை. அதில ஒண்டுக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கிறன்!! யார் போட்டது, நானோ??

இந்த வருசம் கொஞ்சம் ஒழுங்காச் செய்வம் எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன என்ன எழுதி வைக்கிறியள், எதில எழுதுறியள், கொப்பியோ ஆப்போ, அதை எப்பவாவது திரும்பி எடுத்துப் பார்க்கிறியளோ?

எக்செல்_பெடியன் · ஜனவரி 2, இரவு 9.58

அக்கா வந்த இடம் சரி. நான் 2013ல இருந்து குட்ரீட்ஸ் எண்ட வாசிப்புப் பதியிற தளத்தில இருக்கிறன், அமேசன் அதை வாங்கின அதே வருசம் சேர்ந்தனான், ஆனா இப்ப எனக்கு உண்மையான லிஸ்ட் கூகிள் ஷீட்தான். ஏனெண்டா குட்ரீட்ஸ்ல எங்கட ஆக்களின்ர புத்தகம் தேடிப் பாருங்கோ, இந்தியப் பதிப்பு கொஞ்சம் கிடக்கும், கொழும்பு யாழ்ப்பாணப் பதிப்பு பாதிக்கு மேல இல்லை, இருக்கிறதும் ஒரே எழுத்தாளற்ற பெயர் மூண்டு விதமான இங்கிலீஷ் எழுத்துக்கூட்டில மூண்டு ஆள் மாதிரி நிக்கும். கொஞ்சக் காலம் நானே மினக்கெட்டுச் சேர்த்தனான், 50 புத்தகம் ஷெல்ஃப்ல இருந்தாத்தான் புத்தக விபரம் திருத்திற லைப்ரரியன் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம் எண்டு ஒரு விதி, அதுக்காகவே அவசரமா ஷெல்ஃப்பை நிரப்பினது வேற கதை.

குட்ரீட்ஸ்ல அரை ஸ்டார் போடேலாது, மூண்டரைக்குத் தகுதியான புத்தகத்துக்கு மூண்டு போடுறதோ நாலு போடுறதோ எண்டு நான் அரை மணித்தியாலம் இருந்திருக்கிறன். ஸ்டோரிகிராஃப் எண்டு அதே மாதிரி இன்னொரு ஆப், அதில கால் ஸ்டார் கூடப் போடலாம், பாதியில விட்டதுக்கும் தனி இடம் இருக்கு, ஆனா தமிழ்ப் புத்தகம் அங்கயும் தேடித்தான் பிடிக்கவேணும்.

ஒண்டு சொல்லுறன், எந்த ஆப்பில வைச்சாலும் வருசத்துக்கு ஒருக்கா எக்ஸ்போர்ட் பண்ணி உங்கட கையில எடுத்து வையுங்கோ. என்ர 2004 லிஸ்ட் பள்ளிக்கூடக் கம்பியூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தைத் தமிழாக் காட்டிற பழைய பாமினி ஃபொன்ட்டில டைப் பண்ணினது. போன மாசம் திறந்தா, "அம்மா" எண்டு அடிச்ச இடத்தில எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு கிடக்கு. முழு லிஸ்ட்டும் அப்பிடித்தான். கன்வேட்டர்ல போட்டு எடுத்திட்டன், ஆனா ஒரு நிமிசம் நெஞ்சு பக்கெண்டது.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஜனவரி 2, இரவு 10.15

குறை நினைக்காதேங்கோ, எனக்கு இந்த விளையாட்டே பிடிக்கிறேல்லை. சாப்பிட்ட இடியப்பத்தை எண்ணி எழுதி வைக்கிறமோ? வாசிச்சா வாசிச்சதுதான், ஒட்டினது ஒட்டும் போனது போகும். இலக்கு வைச்சு வாசிக்கிற ஆக்கள் எல்லாரும் ஒக்டோபர் வரைக்கும் ஆறுதலா இருந்திட்டு நவம்பர் டிசம்பர்ல 80 பக்கக் கவிதைத் தொகுப்பாத் தேடித் தேடி வாசிக்கிறது ஏன் எண்டு எப்பவாவது யோசிச்சியளோ? தங்கச்சி, உங்கட ஞாபகம் இல்லாத ஏழும் எந்த மாசம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ பாப்பம்.

வெள்ளவத்தை_வாசகி · ஜனவரி 2, இரவு 10.31

அண்ணை... அஞ்சு டிசம்பர், ஒண்டு நவம்பர் 🙈 மற்றது ஜூன், அதுக்குத்தான் அந்த அஞ்சு ஸ்டார்.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஜனவரி 2, இரவு 10.33

😂 நான் ஒண்டும் சொல்லேல்லை.

தெகிவளை_அம்மா · ஜனவரி 3, காலை 6.10

அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, ஆனா பிழை லிஸ்ட்டில இல்லை, நம்பர்லதான். நான் இலக்கு வைக்கிறதை விட்டு மூண்டு வருசம். எனக்கு இப்ப முக்கியமான லிஸ்ட், வாசிச்சு முடிக்காத புத்தகங்களின்ர லிஸ்ட். எந்தப் பக்கத்தில விட்டனான், ஏன் விட்டனான், ரெண்டே விசயம். "பக்கம் 112, நித்திரை." "பக்கம் 40, கதாநாயகன் மனிசிக்கு அடிச்சிட்டு அதை வீரம் எண்டு சொல்லுறான்." "பக்கம் 203, மகளுக்குக் காய்ச்சல், பிறகு லைப்ரரிக்குத் திருப்பிக் குடுக்கவேண்டி வந்திட்டுது, திரும்ப எடுக்கவேணும்." வருச முடிவில இதை வாசிக்கிறதுதான் பம்பல், என்ர ருசி என்ன எண்டு முடிச்ச புத்தகத்தை விட விட்ட புத்தகம் வடிவாச் சொல்லுது.

மற்றது ஒரு சந்தேகம். மகளுக்கு இரவில வாசிக்கிற யானைக் கதையைப் போன வருசம் ஒரு நூறு தரமாவது வாசிச்சிருப்பன். அதைக் கணக்கில போடலாமோ? போட்டா நான்தான் இங்க சம்பியன்.

எக்செல்_பெடியன் · ஜனவரி 3, காலை 8.05

போடலாம் அக்கா, ஒரே ஒரு வரி, பக்கத்தில "x 100" 😄

அதே மாதிரி ஒரு பழைய சண்டையையும் கிளப்பி விடுறன், எல்லாற்ற வீட்டிலயும் கிடக்கிற அந்த அஞ்சு பாகச் சரித்திர நாவல், அது ஒரு புத்தகமோ அஞ்சோ?

கொட்டாஞ்சேனைக்காரன் · ஜனவரி 3, காலை 8.20

ஒண்டு.

தெகிவளை_அம்மா · ஜனவரி 3, காலை 8.22

அஞ்சு. அதைச் சுமந்து பாருங்கோ.

மலைநாட்டு_மழை · ஜனவரி 3, மதியம் 12.47

எங்க வீட்டுல மூணாம் பாகம் காணாமப் போய் பத்து வருசமாச்சு, அதனால எனக்கு நாலு 😄

நான் ஹட்டன் பக்கம், வேலைக்காகக் கொழும்புல போர்டிங்ல இருக்கேன். நான் எழுதுறது வேற மாதிரி. எனக்கு புத்தகம் காசு குடுத்து வாங்குறது பெரிய விசயம், இந்தியாவுல இருந்து வர்ற புத்தகம்னா பின்னட்டையில இருக்கிற விலையைப் பாத்து சந்தோசப்படக் கூடாது, அதை மூணரையாலயோ நாலாலயோ பெருக்கித்தான் கடைக்காரர் சொல்வாரு. அதனால என்னோட கொப்பியில முதல் கட்டம் "எங்கிருந்து வந்துச்சு". வாங்கினேனா, லைப்ரரியா, யாராவது குடுத்தாங்களா, என்ன விலை. கடைசிக் கட்டம் "இப்ப எங்க இருக்கு". அந்தக் கடைசிக் கட்டத்துல இன்னைக்கி நிலவரப்படி 11 பேர் பேர் இருக்கு. ஒருத்தர் கல்யாணம் பண்ணி கனடா போயிட்டாரு, புத்தகமும் போயிருச்சு. ஒருத்தருக்கு என்னோட பேசுறதே இல்ல, அந்தப் புத்தகத்துக்காகவாவது சமாதானம் ஆகணும்.

தெமட்டகொட_நானா · ஜனவரி 3, பின்னேரம் 4.30

நல்ல இழை. நான் தனியாக் கொப்பி வைக்கிறல்ல, புத்தகத்திலயே எழுதுற ஆள். கடைசித் தாள்ல பென்சிலால, முடிச்ச திகதி, எங்க இருந்து வாசிச்ச, ஒரு வரி. பேனையால எழுதுறல்ல, பில்லைப் புத்தகத்துக்குள்ள வைக்கிறதும் இல்ல, இப்பத்த பில் எல்லாம் சூட்டில அச்சடிக்கிற தாள், ரெண்டு வருசத்தில வெள்ளைக் கடதாசியாப் போயிடும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது இன்னொரு ஆள்ட்ட இருந்து. அந்த ஆள் யாரெண்டு எனக்குத் தெரியா. மருதானைல டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள் தெரியும்தானே, அங்க 2019ல 60 ரூபாவுக்கு ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு எடுத்த. மட்டை இல்ல. ஊட்டுக்குக் கொண்டுவந்து பாத்தா கடைசித் தாள்ல பென்சிலால பொடி எழுத்தில "முடித்தது 12.4.71, ஊரடங்கு" எண்டு இருக்கி. அவ்வளவுதான். பேரில்ல. 71 ஏப்ரல் கிளர்ச்சி நேரம் போட்ட ஊரடங்கு அது. யாரோ ஒராள் லைட்டைக் குறைச்சி வெச்சிக்கொண்டு, ரோட்டில ஜீப் போற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கதைகள வாசிச்சி முடிச்சி இருக்கார்.

நான் அதை அப்ப வாசிக்கல்ல, ராக்கையில போட்டுட்டேன். பொறகு 2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஊரடங்கு வந்து எல்லாரும் ஊட்டுக்குள்ள அடைஞ்சி கிடக்கேக்க கைல கிடைச்சது அது. முடிச்சிட்டு அவர்ட வரிக்குக் கீழ நானும் எழுதின, "முடித்தது 9.4.2020, ஊரடங்கு." சரியா 49 வருசத்துக்கு மூணு நாள் குறைய. என்ட மகன் கேட்டான், வாப்பா யாருக்கு லெட்டர் எழுதுறீங்க எண்டு.

எழுதக்கொள்ள ஒண்டு சொல்லணும், நோன்பு மாசம் முழுக்க நான் ஓதுறது மட்டுந்தான், அந்த மாசம் லிஸ்ட்டில வெறுமையாத்தான் இருக்கும். அது கணக்குப் பாக்குற வாசிப்பு இல்ல.

வெள்ளவத்தை_வாசகி · ஜனவரி 3, இரவு 8.15

நானா, இதை வாசிச்சிட்டு பஸ்ஸிலயே கண் கலங்கிப் போச்சு, 100ஆம் நம்பரில நிண்டுகொண்டு வந்தனான், பக்கத்து அன்ரி என்ன பிள்ளை எண்டு கேட்டவ.

ஆக "எங்க இருந்து வாசிச்சது" எண்ட விசயம் மூண்டு பேர் சொல்லிட்டீங்கள், இல்லை ரெண்டு பேர். நான் அதை யோசிக்கவே இல்லை. என்ர ஜூன் புத்தகத்தைப் பற்றி அம்மாவிட்டக் கேட்டனான், அவ உடன சொல்லிட்டா, நீ அதை ஆஸ்பத்திரியில அப்பாவோட நிக்கேக்கதானே வாசிச்சனீ எண்டு. அப்பாக்கு ஒப்பரேஷன் நடந்த கிழமை. அதோட கொஞ்சம் ஞாபகம் வந்தது, அந்த நீலக் கதிரை, ஒரு அத்தியாயம் ஒரு கிராமத்துக் கோயில் தேர் பற்றினது. ஒரு சொல்லு "ஆஸ்பத்திரி" எண்டு போட்டிருந்தாப் போதும் எனக்கு.

பழைய_கொப்பி · ஜனவரி 4, காலை 5.50

வணக்கம் பிள்ளையள். நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. ஃபோன்ல ஒரு விரலால குத்துறது, பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் 1974ல இருந்து கணக்கு வைச்சிருக்கிறன். அப்ப எனக்கு 17 வயது. சி.ஆர். கொப்பியில, தொடர் இலக்கம், திகதி, பெயர், ஆசிரியர், எங்க எடுத்தது, எங்க இருந்து வாசிச்சது. ஸ்டார் எல்லாம் அந்தக் காலத்தில இல்லை, பிடிச்சா இலக்கத்தைச் சுத்தி ஒரு வட்டம், மிச்சம் பிடிச்சா ரெண்டு வட்டம். அவ்வளவுதான். அபிப்பிராயம் எழுதிறேல்லை. 20 வயதில எழுதின அபிப்பிராயத்தை 40 வயதில வாசிக்க வெக்கமா இருக்கும் எண்டு எங்கட வாத்தியார் ஒருத்தர் சொன்னவர், அதைக் கேட்டு விட்டது. இப்ப யோசிச்சா அந்த வெக்கத்தையும் வைச்சிருக்கலாம் போலக் கிடக்கு.

முதலாவது கொப்பி இல்லை. 83 ஜூலைக் கலவரத்தில நாங்கள் வெள்ளவத்தையில வாடகைக்கு இருந்த வீட்டை எரிச்சவங்கள், அதோட போட்டுது. கடைசியாப் பதிஞ்சது 412 ஆவது, 23ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம், அது எனக்கு நல்லா ஞாபகம் ஏனெண்டா அண்டைக்குத்தான் புதுப் பேனைக்கு மை போட்டனான். பிறகு முகாம், கப்பல், காங்கேசன்துறை. ஊருக்குப் போய் ரெண்டு கிழமையால ஒரு மொனிட்டர் கொப்பி வாங்கி 1 இருந்து 412 வரைக்கும் இலக்கம் மட்டும் போட்டுவிட்டு ஞாபகத்தில வந்ததை எழுதத் தொடங்கினன். அம்மா நினைச்சா எனக்கு ஏதோ ஆகிப்போச்சு எண்டு. உடுக்க உடுப்பில்லை, இவன் புத்தகக் கணக்கு எழுதுறான்.

நான் இப்ப சொல்ல வந்தது இதுதான். கதையை வைச்சு யோசிச்சா ஞாபகம் வரேல்லை. பெயரை வைச்சு யோசிச்சாலும் கொஞ்சந்தான் வந்தது. இடத்தை வைச்சுத்தான் வந்தது. கோட்டை ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்து நிண்டு வாசிச்சது என்ன, கந்தோர்ல மேசை லாச்சியை அரைவாசி திறந்து வைச்சு வாசிச்சது என்ன, தமிழ்ச் சங்க நூலகத்து ஃபானுக்குக் கீழ இருந்து முடிச்சது என்ன, பம்பலப்பிட்டிக் கடற்கரையில தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில இருந்து, ரயில் வரேக்க பக்கத்தைக் கையால அமத்திப் பிடிச்சு வாசிச்சது என்ன. ஒவ்வொரு இடமா மனசில போய் நிக்க நிக்கப் புத்தகம் வந்தது. 324 நிரப்பினன். 88 இலக்கம் இண்டைக்கும் வெறுமைதான். சிலதில பாதி இருக்கு, "மட்டை பச்சை, ஆறு, மணிக்கூடு திருத்திற ஆள்" எண்டு, பெயர் இல்லை.

இப்ப 2,261ல நிக்கிறன்.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஜனவரி 4, காலை 7.30

ஐயா மன்னிக்கவேணும். இடியப்பக் கதையைத் திரும்ப எடுக்கிறன்.

பழைய_கொப்பி · ஜனவரி 4, காலை 7.45

இல்லைத் தம்பி, நீர் சொன்னது சரி. நானும் ஓய்வெடுத்த வருசம் 100 அடிக்கவேணும் எண்டு நிண்டு மெல்லிசுப் புத்தகமாப் பொறுக்கினனான். மனிசி கண்டுபிடிச்சிட்டா.

அகரவரிசை · ஜனவரி 4, காலை 10.20

ஐயாவின்ர பதிவுக்குப் பிறகு தொழில்நுட்பம் கதைக்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் கிடக்கு, ஆனா நான் பள்ளிக்கூட நூலகர், வாய் சும்மா இருக்காது. புத்தகத்தைப் பிறகு தேடிப் பிடிக்கிற மாதிரி எழுதுறதுக்கு மூண்டு விசயம்.

ஐஎஸ்பிஎன், அதுதான் ஒவ்வொரு பதிப்புக்கும் குடுக்கிற சர்வதேசப் புத்தக எண், இருந்தா எழுதுங்கோ. இலங்கைப் புத்தகம் எண்டா 978க்குப் பிறகு 955 அல்லது 624 எண்டு வரும். 2007க்கு முந்தினது எண்டா 10 இலக்கந்தான். ஆனா எங்கட பழைய பதிப்புகள், நினைவு மலர், ஊர்ச் சங்கம் அடிச்ச புத்தகம் எதிலயும் அது இருக்காது, அதுக்கு "நூலகம்" எண்ட இணையத்தளத்தில தேடிப் பாருங்கோ, 2005ல இருந்து எங்கட புத்தகங்கள், சஞ்சிகைகளை ஸ்கேன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருகினம், ஒவ்வொண்டுக்கும் ஒரு நூலக எண் இருக்கு. அந்த எண்ணைக் குறிச்சு வைச்சா பிறகு அதே பதிப்பை நேராப் போய்த் திறக்கலாம். லைப்ரரியில எடுத்தது எண்டா முதுகில ஒட்டியிருக்கிற டூயி வகுப்பு எண்ணையும் எழுதுங்கோ, தமிழ் இலக்கியம் முழுக்க 894.811க்குக் கீழதான் கிடக்கும், கதை நாவல் எண்டா பின்னால ஒரு 3 வரும்.

மற்றது கொப்பிக்கு ஒரு அட்டவணை. ஜோன் லொக் எண்ட தத்துவஞானி குறிப்புக் கொப்பிக்கு ஒரு அட்டவணை முறை வைச்சிருந்தவர், 1686ல பிரெஞ்சில வந்தது, 1706ல இங்கிலீஷில. தலைப்புச் சொல்லின்ர முதல் எழுத்தையும் அதுக்குப் பிறகு வாற முதல் உயிரையும் சேர்த்து ஒரு கட்டம், 20 எழுத்து, அஞ்சு உயிர், மொத்தம் 100 கட்டம். கொப்பியின்ர முதல் ரெண்டு பக்கத்தில அந்த 100ஐயும் கோடு போட்டு, எந்தப் பக்கத்தில என்ன இருக்கு எண்டு பக்க எண்ணை மட்டும் போட்டுக்கொண்டு போறது. இதை வாசிச்ச அண்டைக்கு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அந்த மனிசன் கஷ்டப்பட்டு உண்டாக்கினது எங்களுக்குச் சும்மாவே கிடக்கு, "கி" எண்டு எழுதினா மெய்யும் உயிரும் சேர்ந்துதானே இருக்கு. நான் க, கா, கி, கீ எண்டு கட்டம் போட்டு வைச்சிருக்கிறன், சொல்லின்ர முதல்ல வாற எழுத்து மட்டும் போட்டாக் காணும், எல்லா 247ம் தேவையில்லை. "ங"வுக்குக் கட்டம் போட்டு வைச்சுப் பத்து வருசமாக் காத்திருக்கிறன், ஒண்டும் வரேல்லை.

எக்செல்_பெடியன் · ஜனவரி 4, காலை 10.41

அக்கா இதை ஷீட்டில செய்தா சோர்ட் ஒரு கிளிக், ஆனா உங்கட "ங" கட்டத்துக்காகவே கொப்பிக்கு மாறலாம் போல கிடக்கு.

ஐயா எழுதின பிறகு என்ர ஷீட்டைத் திறந்து பார்த்தன். 2022ல ஃபெப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் 19 புத்தகம். அதுக்கு முதல் வருசம் அதே மூண்டு மாசம் நாலு. ஏன் எண்டு கொஞ்ச நேரம் விளங்கேல்லை, பிறகுதான் கரண்ட் கட். மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தமே, கிண்டிலை ஒஃபிஸில சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து இரவில அதின்ர லைட்டிலதான் வீட்டுக்காரர் சாப்பிட்டது. அப்பாவோட பெற்றோல் கியூவில நிண்டு ஒரு தடிச்ச நாவல் முழுக்க முடிச்சன், ரெண்டு நாள் கியூ. இதொண்டும் ஷீட்டில இல்லை. திகதியும் பக்க எண்ணிக்கையும் பெரிய வடிவா கிராஃபும் இருக்கு. காலையில இருந்து "இடம்" எண்டு ஒரு கொலம் போட்டு ஞாபகம் வந்ததை நிரப்பிக்கொண்டிருக்கிறன், 2016க்கு முந்தி ஒண்டும் வருதில்லை.

தெகிவளை_அம்மா · ஜனவரி 4, மதியம் 1.15

2022ல கடதாசித் தட்டுப்பாட்டால பள்ளிக்கூடச் சோதனையே தள்ளிப் போட்டவை. நான் அப்ப வாசிப்புக் குறிப்பை மகளின்ர பழைய கணக்குக் கொப்பியின்ர பின்பக்கத்தில எழுதினனான். இப்ப அதைப் புரட்டினா ஒரு பக்கத்தில என்ர புத்தகம், மற்றப் பக்கத்தில அவளின்ர கழித்தல் கணக்கு, ரீச்சர் சிவப்பில போட்ட சரி. அதையும் சேர்த்துத்தான் வைச்சிருக்கிறன்.

கொப்பி வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு புத்திமதி, கடலுக்குக் கிட்ட இருந்தா ஸ்டேப்ளர் பின் அடிச்ச கொப்பி வாங்காதேங்கோ. ரெண்டு வருசத்தில பின் கறள் பிடிச்சு நடுத்தாள் கையோட வரும். நூலால தைச்சதா எடுங்கோ. ஜெல் பேனையையும் பார்த்து வாங்குங்கோ, சிலதில ஒரு துளி தண்ணி பட்டா முடிஞ்சுது.

மலைநாட்டு_மழை · ஜனவரி 4, இரவு 9.05

நான் இன்னொன்னு செய்யிறேன், மாசக் கடைசியில கணக்குப் பாக்குறதில்ல, போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி. லீவு நாளு, கடை பாதி பூட்டியிருக்கும், ஊருக்குப் போகாத போயான்னா போர்டிங்ல வேற வேலை இல்ல. அந்த மாசம் வாசிச்சத எடுத்துப் பாத்து ஒவ்வொன்னுலயும் இப்ப மனசுல நிக்கிற ஒரே ஒரு காட்சிய எழுதுவேன், புத்தகத்தத் தொறக்காம. ஒன்னும் நிக்கலன்னா கோடு போட்டுருவேன். வருசத்துக்கு 12 போயா, சில வருசம் 13. முடிச்ச அன்னைக்கே எழுதினா எல்லாமே பெருசாத் தெரியுது, மூணு வாரம் கழிச்சு எழுதினாத்தான் உண்மை தெரியுது.

வெள்ளவத்தை_வாசகி · ஜனவரி 4, இரவு 9.30

இது நல்லாக் கிடக்கு. அந்த அஞ்சு ஸ்டாருக்கும் இதுதான் மருந்து.

தெமட்டகொட_நானா · ஜனவரி 5, காலை 9.12

பழைய_கொப்பி ஐயா, ஒங்கட அந்தப் பச்சை மட்டை, ஆறு, மணிக்கூடு திருத்துற ஆள். அதில அந்த ஆளுக்கு ஒரு கால் ஏலாதா? ஆத்துக்கு அங்கால பக்கம் இருக்கிற பொம்புளைப் பிள்ளை மணிக்கூடு கொண்டு வருவாளா? அப்பிடி ஒண்டு என்ட ராக்கைல இருக்கிற மாதிரி. மட்டை கிழிஞ்சி, பச்சையா எண்டு தெரியா. ஒங்களுக்கு இன்பொக்ஸ்ல படம் அனுப்பி ஈக்கேன்.

பழைய_கொப்பி · ஜனவரி 5, காலை 9.40

கால் ஞாபகம் இல்லை. பெண் பிள்ளை ஞாபகம் இருக்கு. படம் பார்த்தன், பெயர் ஒண்டும் மணி அடிக்கேல்லை. வாசிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். தம்பி, அதைக் கொஞ்ச நாளைக்குத் தருவீரோ? வந்து எடுக்கிறன்.

தெமட்டகொட_நானா · ஜனவரி 5, காலை 9.44

நான் கொண்டு வந்து தாறேன் ஐயா, வெள்ளவத்தைக்கு வாற வேலை இருக்கிது. மலைநாட்டு தங்கச்சிட முறைப்படி "இப்ப எங்க இருக்கு" கட்டத்தில ஒங்கட பேர் போட்டுட்டேன் 😄

மலைநாட்டு_மழை · ஜனவரி 5, காலை 10.02

ஐயா கனடா போகாம இருந்தா சரி.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஜனவரி 9, இரவு 11.20

என்னாச்சு ஐயா? நாலு நாளா இந்த இழையை வந்து வந்து பார்த்துக்கொண்டு நிக்கிறன், லிஸ்ட்டே வேண்டாம் எண்ட நான்.

பழைய_கொப்பி · ஜனவரி 13, காலை 6.05

மன்னிக்கவும், கண்ணுக்கு மருந்து விட்டதால ஆறுதலாத்தான் வாசிச்சன். நேற்று முடிச்சன்.

அது இல்லை. நான் வாசிச்சதில மணிக்கூட்டுக்காரன் கடைசியில கடையைப் பூட்டிப்போட்டு ஆத்துக்கு அங்கால போவான், அது உறுதியாத் தெரியும், இதில அவன் போகேல்லை. மற்றது இது 1986ல அச்சடிச்சது, நான் 83க்கு முதல் வாசிச்சிருக்க ஏலாது. முதல் பக்கத்திலயே திகதி கிடந்தது, பார்க்காமல் ஆசையில தொடங்கிட்டன்.

நல்ல புத்தகம். 2,262 எண்டு பதிஞ்சன். ஒரு வட்டம். நானாவின்ர புத்தகத்துக் கடைசித் தாள்லயும் பென்சிலால எழுதியிருக்கிறன், அவர் கோவிக்கமாட்டார் எண்டு நினைக்கிறன். 88ம் 88ஆவே இருக்கட்டும் இப்போதைக்கு.

வெள்ளவத்தை_வாசகி · ஜனவரி 13, காலை 7.20

ஐயா, எங்க இருந்து வாசிச்சது எண்டு போட்டனீங்களோ?

பழைய_கொப்பி · ஜனவரி 13, காலை 7.31

போட்டனான் பிள்ளை. "கண் டொக்டரின்ர வாசல், நம்பர் 37, டொக்டர் பிந்தி வந்தவர்."